கங்கம்மாவுக்கு ஒரு நோட்டீஸ்

யாமினிக்கு வந்த கஷ்டம் உலகத்தில் வேறு யாருக்கும் வந்திருக்காது. நானூறு வருஷத்துக்கு முன்பு வாழ்ந்ததாகப் பாவித்துக் கம்ப்யூட்டருக்குள் உண்டாக்கி வைத்திருந்த நாலாயிரம் குடியானவர்கள் எப்படிச் சாமி கும்பிட வேண்டும் என்று அரசாங்கத்திடம் அனுமதி வாங்கி வரும் வேலை அவள் தலையில் விழுந்தது. உயிரோடு இருக்கிற குடியானவர்கள் யாரைக் கும்பிட்டால் என்ன என்று விட்டுவிடுகிற அரசாங்கம்தான் இதற்கு ஓர் ஆபீஸே திறந்து வைத்திருந்தது.

அவள் நகரிப் பெண். அப்பாவுக்குப் பவர்லூம். புத்தூரில் இன்ஜினியரிங் முடித்துவிட்டுத் திருப்பதியில் ஒரு செல்போன் கடைக்கு மேலே, பதினோரு பேர் உட்கார்ந்து கேம் செய்கிற கம்பெனியில் வேலை பார்த்தாள். முதலாளி தனசேகர். மூன்று வருஷமாக அவர்கள் செய்து வந்த கேமுக்குப் பெயர் 'ஏரியும் கோட்டையும்'. ஆடுகிறவர் ஒரு குட்டிப் பாளையத்துக்கு ராஜா. ஏரி வெட்டலாம், கோட்டை கட்டலாம், வரி போடலாம், பக்கத்துப் பாளையக்காரனோடு வம்புக்குப் போகலாம். எல்லாம் முடிந்து சமயம் மட்டும்தான் பாக்கி நின்றது.

தனசேகர் முதலில் அதைச் சுலபமாக முடித்திருந்தார். கோயில் கட்டினால் பக்தி மூன்று கூடும். பக்தி நூறானால் பக்கத்து ஊர் மொத்தமும் உங்கள் சாமிக்கு மாறிவிடும். வெளிநாட்டு கேம்களில் அப்படித்தான் இருக்கிறதாம். யாமினி சிரித்துவிட்டாள். அவள் தெருவில் ஒருத்தரும் அப்படி மாறிப் பார்த்ததில்லை. மழைக்குக் கங்கம்மா, குழந்தை பயந்துகொண்டால் தர்கா, துபாய் விசாவுக்கு வேளாங்கண்ணி என்று ஒரே வீட்டில் மூன்று பக்கமும் வேண்டிக்கொண்டு, மூன்று பக்கமும் பாக்கி வைத்திருப்பார்கள்.

ஆகவே அவள் எட்டு மாதம் உட்கார்ந்து வேறு மாதிரி செய்தாள். கேமில் ஊர் வேண்டிக்கொள்ளும். வேண்டியது நடக்கலாம், நடக்காமலும் போகலாம். நடந்தால் மூன்று போகத்துக்குள் ராஜா அந்த வேண்டுதலைச் செலுத்தியாக வேண்டும். மறந்தால் கங்கம்மாவுக்குக் கோபம் வரும்; ஏரிக்கரை உடையும், மாடு படுத்துக்கொள்ளும். நடக்காவிட்டாலோ ஊர்க்காரர்கள் கங்கம்மாவை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு அடுத்த ஊர்ச் சாமியிடம் போய் நிற்பார்கள்; மறு வருஷம் வெட்கமில்லாமல் திரும்பி வருவார்கள். ஆடிப் பார்த்த பதினோரு பேரும் கோட்டையைச் சுற்றி எதிரி நிற்கும்போதுகூட, "ஐயய்யோ, கங்கம்மாவுக்குப் பொங்கல் வெக்கலியே" என்று தலையில் கை வைத்துக்கொண்டார்கள். அதைப் பார்த்த அன்றைக்கு யாமினிக்கு ஏற்பட்ட சந்தோஷம், அவள் நைனா முதல் தறி வாங்கிய அன்றைக்கு அவருக்கு ஏற்பட்ட சந்தோஷத்துக்குக் கொஞ்சமும் குறைந்ததல்ல. கேம் முடிந்ததும் 'சமய அமைப்பு: யாமினி' என்று திரையில் ஒரு வரி வரும். அதை நைனாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியும் விட்டாள்.

அப்புறம்தான் பெங்களூருவில் இருந்து, கேமை வெளியிடப் போகிற கம்பெனி ஒரு மெயில் அனுப்பியது. சமய உணர்வுச் சான்றிதழ் இல்லாமல் வேண்டுதல், கோபம் இதெல்லாம் வெளியிட முடியாது. முப்பதாம் தேதிக்குள் சான்றிதழ் வராவிட்டால் பழையபடி கோயிலுக்கு மூன்று பக்தி.

"நீயே போய்ட்டு வந்துடு யாமினி. நீ கண்டுபிடிச்ச சாமி, நீதான் கூட்டிக்கினு வரணும்" என்றார் தனசேகர். "வரலைன்னா பழையதையே போட்டுக்கலாம். உன்ன குழந்தைங்க கேமுக்கு மாத்திடறேன். பழம் அடுக்கறது. அதுல சாமியே இல்ல, நிம்மதி."

சித்தூரில், ஒரு காலத்தில் விதைக் கிடங்காக இருந்த கட்டடத்தின் மாடியில் 'வரலாற்று மின்விளையாட்டுகளில் சமய உணர்வுப் பாதுகாப்புக்கான மதிப்பாய்வுக் குழு' இயங்கி வந்தது. இயங்கி வந்தது என்பது பலகையில் எழுதியிருந்த வாசகம். ஊரில் அதற்குச் சென்டிமென்ட் ஆபீஸ் என்று பெயர். குழுவின் தலைவரைப் பார்க்க டோக்கன் வேண்டும். டோக்கனுக்கு ஒரு வரிசை. வரிசையில் நிற்பதற்கு முன்பதிவு. அது காலை பத்து மணிக்குத் திறந்து பத்து மணி ஒரு நிமிஷத்துக்கு நிரம்பிவிடும். தலைவரின் அறை வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும். உள்ளே மணி அடித்ததும் எல்லாரும் எழுந்து நிற்பார்கள். ஐந்து பேர் ஐந்து பேராகத்தான் அனுப்புவார்கள். வாசலில் நிற்கிற பிரமிளா என்ற குமாஸ்தா, "ஜருகண்டி ஜருகண்டி" என்று திருமலைச் சன்னதியில் நகரச் சொல்வது போல முதுகில் கைவைத்து மெல்லத் தள்ளுவாள். பழத்தட்டு கொண்டுபோனவர்களுக்குத் தலைவர் ஒரு பழத்தைத் திருப்பிக் கொடுத்தார். கொண்டுபோகாதவர்களுக்குப் படிவம் கொடுத்தார்.

தலைவரைத் தெலுங்கு மரியாதையோடு ரமணா காரு என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். நெல்லூர்க்காரர். எல்லைப் பக்கத்தில் ஆறு வருஷம் இருந்து தமிழ் நன்றாகப் பழகியிருந்தார். ஐம்பத்தைந்து வயது, நெற்றியில் நான்கு கோயில்களின் குங்குமம் ஒன்றுக்கொன்று இடிக்காமல் வரிசையாக இருந்தது.

"நான் என் வாழ்க்கையில ஒரு கேமும் ஆடினது இல்லம்மா" என்று அவர் ஆரம்பித்தார். "அதனாலதான் கவர்மென்ட் என்னை இங்க போட்டுச்சு. ஆடறவன் ஒரு பக்கம் சாஞ்சிடுவான். மீன்வளத்துல இருந்தேன், மீன் சாப்பிட மாட்டேன். சின்ன நீர்ப்பாசனத்துல இருந்தேன், நீச்சல் தெரியாது. எங்கயும் என்மேல ஒரு கம்ப்ளைன்ட் கிடையாது. ஏன்னா நான் இருந்த இடத்துல ஒண்ணும் நடக்கல."

யாமினி லேப்டாப்பைத் திறந்து காட்டினாள். ரமணா காரு கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"இதென்னம்மா, கங்கம்மாவுக்கு நாப்பது, முருகனுக்கு அறுபது? யார் மார்க் போட்டது?"

"மார்க் இல்ல சார். ஊர்ல எத்தினி பேர் வேண்டிக்கினாங்கன்னு ஒரு கணக்கு."

"நாப்பது வாங்கின சாமியோட பக்தன் நாளைக்கு வந்து என் டேபிள்ல தலைய மோதிக்கிட்டா யார் பொறுப்பு? எல்லாருக்கும் நூறு போடு."

யாமினி எல்லாருக்கும் நூறு போட்டுக்கொண்டு அடுத்த வாரம் போனாள். ரமணா காரு அதற்குள் நன்றாக யோசித்து வைத்திருந்தார். நூறு என்றால் நூறோடு முடிந்துவிட்டது என்று அர்த்தமாகிறது. தெய்வத்துக்கு முடிவு உண்டா? யாமினி பக்தியை அளவில்லாததாக மாற்றினாள். மாற்றி அவர் எதிரிலேயே கேமை ஓட்டினாள்.

அளவில்லாத பக்தி வந்ததும் நாலாயிரம் குடியானவர்களும் ஏரைப் போட்டுவிட்டுக் கோயிலுக்குப் போனார்கள். போனவர்கள் திரும்பவில்லை. ஒருவரும் விதைக்கவில்லை, அறுக்கவில்லை. வரி வசூலிக்கப் போன தாசில்தாரும் அங்கேயே கைகூப்பி நின்றுவிட்டார். நாலாவது போகத்தில் திரையில் அசைவே இல்லை.

"பாரு, எவ்வளவு அமைதியா இருக்குது" என்றார் ரமணா காரு. அவர் குரல் தழுதழுத்தது. "ஒரு கலவரம் இல்ல, ஒரு கம்ப்ளைன்ட் இல்ல."

"எல்லாரும் பசியில செத்துட்டாங்க சார்."

"அது விவசாயத் துறை விஷயம். நம்ம குழுவுக்கு வராது."

அன்றைக்கு அவர் மொத்தம் ஒன்பது நிபந்தனைகள் எழுதிக் கொடுத்தார். ஒன்று, பக்திக்கு அளவு இருக்கக் கூடாது. நாலு, ஊர்க்காரர்கள் தெய்வத்தைத் திட்டக் கூடாது. ஒன்பது, தெய்வம் எக்காரணம் கொண்டும் கோபப்படக் கூடாது. மற்ற ஆறும் காகிதத்தின் ஓரம் எவ்வளவு விட வேண்டும் என்பது பற்றியவை. யாமினிக்கு அந்த ஒன்பதாவதுதான் நெஞ்சில் அடித்தது. கோபப்படாத கங்கம்மாவுக்கு எந்த ராஜா வேண்டுதல் செலுத்துவான்? அதை எடுத்துவிட்டால் எட்டு மாத உழைப்பில் மிஞ்சுவது ஒரு கோயில் படம்தான்.

"ஒம்பதாவது மட்டும் வேணாம் சார். கோவம் இல்லன்னா வேண்டுதலே இல்ல."

"கோபம்கிறது கெட்ட குணம் காதா, இல்லையா? என் சாமிக்குக் கெட்ட குணம்னு நீ எப்படிச் சொல்லலாம்? இதுல உனக்கு ஆட்சேபணை இருந்தா ஒரே வழிதான் இருக்குது. சம்பந்தப்பட்ட தெய்வத்துக்கிட்ட இருந்து தடையில்லாச் சான்று வாங்கிக்கிட்டு வா. 'எனக்குக் கோபம் வர்றதுல எனக்கு ஆட்சேபணை இல்ல'ன்னு."

பெரிய கோயில்களாக இருந்தால் நிர்வாக அதிகாரி இருப்பார், லெட்டர்பேடு இருக்கும். யாமினி கேமில் வைத்திருந்ததோ நகரிக்குப் பக்கத்தில் அவள் அத்தை ஊர் ஏரிக்கரைக் கங்கம்மா. வேப்பமரத்தடியில் மஞ்சள் பூசிய மூன்று கல். பூசாரி கிடையாது, வீட்டுக்கு ஒரு வாரம் முறை வைத்து விளக்கேற்றுவார்கள். அத்தை ஜெயம்மா தறி ஓட்டுகிறவள். ஜாத்திரை சமயத்தில் கங்கம்மா வருவது அவள் மேல்தான். ஆகவே ஜெயம்மா ஒரு வெள்ளைத் தாளில் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அதைப் பிரமிளா வாங்கிப் பார்த்துவிட்டு, பக்தர் கொடுத்த கடிதம் செல்லாது, தரப்பினரே நேரில் வர வேண்டும் என்று சொல்லி, அன்றைக்கே நோட்டீஸ் அனுப்பிவிட்டாள். இந்த ஆபீஸில் வேகமாக நடந்த முதல் காரியம் அதுதான்.

இரண்டு நாள் கழித்து ஜெயம்மா போன் செய்தாள்.

"யாமினி, கங்கம்மாவுக்கு ரிஜிஸ்டர் போஸ்ட்டு வந்துகீது. 'கங்கம்மா, வேப்பமரத்தடி, ஏரிக்கரை'ன்னு போட்டுகீது. நான்தான் கையெழுத்து போட்டு வாங்கிக்கினேன். உங்களுக்கு இன்னா ஒறவுன்னு போஸ்ட்மேன் கேட்டான். பக்கத்து வூடுன்னு சொல்லிட்டேன்."

"இன்னா எழுதிகீது அத்தே?"

"பதினாறாம் தேதி பதினோரு மணிலேந்து ஒரு மணிக்குள்ள வரணுமாம். வரலன்னா அவ சொல்றதுக்கு ஒண்ணும் இல்லன்னு எடுத்துக்குவாங்களாம். அடையாள அட்டை ஒரிஜினலும் ரெண்டு ஜெராக்ஸும் கொண்டாரணுமாம்."

"நீ வர்றியா அத்தே? இது போச்சுன்னா என் எட்டு மாச வேலை போச்சு."

"நான் வருவேன். ஒரு நாள் தறி நின்னா இன்னா. ஆனா அவ வருவாளோ மாட்டாளோ, நான் இன்னா கண்டேன்? பம்பைச் சத்தம் கேக்காம அவ வந்ததே இல்ல."

பதினாறாம் தேதி நகரியிலிருந்து பஸ் ஏறி இரண்டு பேரும் சித்தூர் வந்து சேர்ந்தார்கள். ஜெயம்மா பட்டுப்புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்திருந்தாள். ஆபீஸ் பெஞ்சில் பதினோரு மணியிலிருந்து பன்னிரண்டேமுக்கால் வரை உட்கார்ந்திருந்தார்கள். பிறகு மணி அடித்தது.

"தரப்பினர் வந்தாச்சா?" என்று ரமணா காரு கேட்டார்.

"நான் வந்துகீறேன் சார். அவ இன்னும் வரல" என்றாள் ஜெயம்மா.

"ஒரு மணிக்கு எனக்குச் சாப்பாடு. அதுக்குள்ள வரலைன்னா ஆப்சென்ட் போட்டுடுவேன். சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்."

யாமினி கடிகாரத்தைப் பார்த்தாள். பன்னிரண்டு ஐம்பது. கங்கம்மாவுக்கு ஆப்சென்ட் விழுந்தால் ஒன்பதாம் நிபந்தனை அப்படியே நிலைத்துவிடும், அவள் பழம் அடுக்கப் போக வேண்டியதுதான். அறையின் மூலையில் பிரமிளாவுக்கு வேறு அவசரம். பதினைந்து நாள் அறிக்கை அன்று மாலைக்குள் போக வேண்டும். முந்நூறு கோப்புகளை முன்னால் குவித்துக்கொண்டு 'நிலுவை' என்ற ரப்பர் முத்திரையைக் குத்திக்கொண்டிருந்தாள். மைப்பெட்டியில் ஒரு குத்து, கோப்பில் இரண்டு குத்து. டக், டக்டக். டக், டக்டக். மணி ஒன்றை நெருங்க நெருங்க அவள் கை இன்னும் வேகமாக ஓடியது.

ஜெயம்மாவின் முழங்கால் ஆடத் தொடங்கியது. அப்புறம் தோள். பிரமிளா தலை நிமிராமல் குத்திக்கொண்டே போனாள். ஆறு வருஷமாக முத்திரை குத்திய கை, தாளம் தப்பவே இல்லை. ஜெயம்மாவின் கொண்டை அவிழ்ந்து பூ மேஜைமேல் விழுந்தது.

"எவன்டா எனக்குக் காயிதம் அனுப்புனவன்?"

ரமணா காரு எழுந்தார். நாற்காலி பின்னால் சாய்ந்தது. தன் சொந்த அறைக்குள் தான் மட்டும் போட்டிருந்த செருப்பை அவசரமாகக் கழற்றினார்.

"நான்தான் தாயே. ரமணா. நெல்லூர்."

"என் வெளக்குக்கு எண்ண ஊத்த ஒருத்தன் இல்ல. காயிதம் அனுப்ப மட்டும் ஆள் கீதா? மணி ஒண்ணுக்குள்ள வரணுமா நானு? நீ என்னிக்காவது பத்து மணிக்கு வந்துகீறியாடா?"

இதற்கு மேல் கங்கம்மா சொன்னவை ஜாத்திரையில் சொல்லத்தக்கவை, அச்சில் போடத்தக்கவை அல்ல. ரமணா காரு கைகட்டி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கேட்க வேண்டியதைக் கேட்டு முடித்ததும் ஓரடி முன்னால் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"தாயே, ஒரு சின்ன விஷயம். நெல்லூருக்கு ட்ரான்ஸ்ஃபர். ஆறு வருஷமா கேட்கறேன். குடும்பம் அங்க, நான் இங்க. ஏழு சாமிகிட்ட வேண்டிட்டேன், ஒண்ணும் நகரல. நீயாவது பார்த்து முடிச்சுக் கொடுக்கணும்."

"குடுக்கறேன். நீ எனக்கு இன்னா குடுப்பே?"

"நூத்தியோரு தேங்காய்."

"தேங்காயா? ஏரிக்கரைல மரம் கீதுடா எனக்கு. என் பேர்ல ஒரு காயிதம் உன்கிட்ட கீது இல்ல, அதுல கையெழுத்து போடு."

இதைச் சொன்னது கங்கம்மாவா, மருமகளுக்காக அத்தையா என்று யாமினிக்குக் கடைசிவரை தெரியவில்லை. கேட்கவும் அவளுக்குத் தைரியம் வரவில்லை.

"முதல்ல ஆர்டர் வரட்டும் தாயே" என்றார் ரமணா காரு. இந்த இடத்தில் மட்டும் அவருக்குள் இருந்த அதிகாரி விழித்துக்கொண்டார். "ஆர்டர் கைக்கு வந்த நிமிஷம் போட்டுடறேன். சத்தியம்."

பிரமிளாவின் கோப்புகள் தீர்ந்தன. முத்திரைச் சத்தம் நின்றது. ஜெயம்மா அப்படியே நாற்காலியில் சாய்ந்தாள். சொம்புத் தண்ணீரை முழுக்கக் குடித்துவிட்டு, "வந்தாளா? இன்னா சொன்னா?" என்று கேட்டாள்.

யாமினிக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "சார், நீங்க இப்ப பண்ணீங்களே, அதுதான் சார் என் கேமு. வேண்டிக்கினீங்க, பேரம் பேசினீங்க, அவ கோவத்துக்குப் பயந்தீங்க. ஒம்பதாவத எடுத்துடுங்க சார்."

ரமணா காரு செருப்பை மாட்டிக்கொண்டு நாற்காலியில் அமர்ந்தார்.

"அது வேற, இது வேறம்மா. நான் பேரம் பேசினா அது பக்தி. அதையே படமாக் காட்டினா ஜனங்க மனசு புண்படும். ஒன்பதாவது இருக்கட்டும். ஆர்டர் வந்ததும் நிபந்தனையோட சேர்த்துக் கையெழுத்துப் போடறேன்." பிறகு பிரமிளாவைப் பார்த்து நிகழ்ச்சிக் குறிப்பைச் சொல்லி எழுதவைத்தார்: "தரப்பினர் உரிய நேரத்தில் ஆஜரானார். கோபம் எதுவும் காணப்படவில்லை."

இருபத்திரண்டாம் தேதி ட்ரான்ஸ்ஃபர் ஆர்டர் வந்தது. யாமினிக்கு அது மறுநாள்தான் தெரியும். ஆபீஸுக்கு ஓடிப்போய்ப் பார்த்தால் வாசலில் சம்பங்கி மாலைகள் காய்ந்து கிடந்தன. ரமணா காரு ஆர்டர் வந்த அன்று பிற்பகலே விடுவிக்கப்பட்டு, மாலை போட்டுக்கொண்டு, போட்டோ எடுத்துக்கொண்டு நெல்லூர் ரயிலைப் பிடித்துவிட்டார். யாமினியின் கோப்பு மேஜையிலேயே இருந்தது. கையெழுத்துப் போடும் இடத்தில் அவர் தண்ணீர் டம்ளர் வைத்த வட்டம் மட்டும் இருந்தது.

புதுத் தலைவர் தேவேந்திரன் இளைஞர், சுத்தமான சட்டை, சுத்தமான மேஜை. "முந்தைய தலைவர் பார்த்த கோப்பை நான் அப்படியே பார்க்கறது முறையில்ல" என்றார் அன்பாக. "நீங்க முதல்லேருந்து ஆரம்பிச்சா எனக்கும் கத்துக்கிட்ட மாதிரி இருக்கும். முன்பதிவு பத்து மணிக்குத் திறக்கும்."

தனசேகர் பழைய கோயில் கோப்பைத் தேடி எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டார். பழம் அடுக்குகிற கேமில் மாம்பழத்துக்கு எந்த மஞ்சள் போடலாம் என்று யாமினியிடம் கேட்கவும் ஆரம்பித்துவிட்டார். யாமினிக்கு அழுகை வந்தது. நைனாவுக்கு அனுப்பிய அந்த வரியை எப்படித் திரும்ப வாங்குவது என்று நினைத்துக்கொண்டே கடைசி முயற்சியாக இருபத்தொன்பதாம் தேதிக்கு ஒரு டோக்கன் வாங்கினாள்.

அன்று வரிசையில் அவளுக்கு முன்னால் பதினாலாம் நம்பர் டோக்கனோடு நின்றவர் ரமணா காரு.

ஒரே வாரத்தில் ஆள் பாதியாகியிருந்தார். செருப்பை வாசலிலேயே விட்டிருந்தார். கையில் பழத்தட்டு.

"போன அன்னைக்கே வீட்ல போர் மோட்டார் எரிஞ்சுதும்மா" என்றார் மெல்ல. "மூணாம் நாள் புது ஆபீஸ்ல என் நாற்காலி மேல சீலிங் ஃபேன் விழுந்துச்சு. நல்லவேளை, எப்பவும்போல நான் சீட்ல இல்ல. நேத்து ஹெட் ஆபீஸ்லேருந்து போன். என் ட்ரான்ஸ்ஃபரை மறுபரிசீலனை பண்றாங்களாம். ராத்திரி தூக்கம் இல்ல. கண்ண மூடினா டக் டக்டக்னு கேட்குது. அந்தக் காகிதத்துல கையெழுத்து விழாம என்னை அவ விடமாட்டா."

"சார், பேரு?" என்றாள் பிரமிளா.

"பிரமிளா, நான்தான்."

"பேரு சொல்லணும் சார். ரூல் அப்படி." அவரிடம் ஆறு வருஷம் வேலை பார்த்தவள் அவர் முதுகில் கைவைத்து மெல்ல உள்ளே தள்ளினாள்; அடுத்ததாக யாமினியையும்.

தேவேந்திரன் பழத்தட்டிலிருந்து ஒரு பழத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கேட்டுக்கொண்டார். "முந்தைய தலைவர் போட்ட கோப்புல நான் எப்படிக் கையெழுத்துப் போடறது? அவர்கிட்ட விளக்கம் வாங்கணுமே."

"நான்தாங்க அவர்."

"நீங்க இப்ப பொதுஜனம். பொதுஜனம் சொல்றதை விளக்கமா எடுத்துக்க முடியாது. நெல்லூர்லேருந்து முறைப்படி எழுதி அனுப்புங்க. ஆறு வாரத்துல பதில் வரும்."

அனுமதி கேட்டு வருகிறவர்களுக்கு இந்த ஆபீஸில் ஆறு வாரம். கம்ப்ளைன்ட் கொண்டு வருகிறவர்களுக்கு? சட்டென்று ரமணா காருவின் முகம் தெளிந்தது. மேஜை மேலிருந்த ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, நின்றபடியே எழுதினார்.

'நான் ஒரு பக்தன். மேற்படி விளையாட்டில் கங்கம்மா கோபப்படுவதில்லை என்றும், அவளை யாரும் திட்டுவதில்லை என்றும், பக்திக்கு அளவே இல்லை என்றும் அறிந்து என் சமய உணர்வு மிகவும் புண்பட்டுள்ளது.'

தேவேந்திரன் அதைப் படித்தார். அவருடைய சுத்தமான நெற்றியில் வியர்வை பொடித்தது.

"புண்பட்டதுக்கு ஆதாரம்?"

"விதி முப்பத்தொன்னு. புகார் வந்த இருபத்துநாலு மணி நேரத்துல பரிகாரம் செய்யணும். உட்பிரிவு ரெண்டு. ஆதாரம் கேட்டா அதுவும் புண்படுத்தினதா எடுத்துக்கப்படும். நான் எழுதினது. இப்ப ரெண்டு தடவை புண்பட்டிருக்கேன்."

அனுமதி கொடுக்காததற்காக அந்த ஆபீஸில் யாரும் தண்டனை வாங்கியதில்லை. புண்பட்டவரைக் காக்க வைத்ததற்காக இரண்டு பேர் மாவட்டத்தின் கடைக்கோடியில் ராமகுப்பம் பக்கம் மாற்றலாகியிருந்தார்கள். தேவேந்திரனுக்கு அது தெரியும். ஒன்று, நாலு, ஒன்பது ஆகிய நிபந்தனைகளை ரத்து செய்து, தெய்வம் தேவைப்படும் அளவுக்குக் கோபப்படலாம் என்று எழுதி, சான்றிதழில் பன்னிரண்டே நிமிஷத்தில் கையெழுத்துப் போட்டார். பிரமிளா முத்திரை குத்தும்போது ரமணா காரு காதைப் பொத்திக்கொண்டார்.

யாமினி படிக்கட்டிலேயே நின்று தனசேகருக்குப் போன் செய்தாள். "கோவத்தோட குடுத்துட்டாங்க சார்" என்றாள். பழக் கேமுக்கு வேறு ஆள் பார்க்கச் சொன்னாள். அப்புறம் நைனாவுக்கு அடித்தாள். தறிச் சத்தத்தில் அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை, ஆனாலும் "நல்லதுமா, நல்லதுமா" என்றார்.

ரமணா காரு இன்னும் போகாமல் கீழ்ப்படியில் நின்றுகொண்டிருந்தார்.

"ஏம்மா, உன் கேமை நான் அப்ப சரியாப் பார்க்கல. ஒரு ராஜா வேண்டுதலைச் செலுத்திட்டான்னு வெச்சுக்கோ. ஆனா லேட்டா, வேற ஆள் கையெழுத்துல செலுத்தறான். அது கணக்குல சேர்ந்துடுச்சுன்னு திரையில எங்க தெரியும்?"

"எங்கயும் தெரியாது சார்."

"தெரியாதா? ஒரு பச்சை விளக்கு, ஒரு டிக் மார்க், ஒண்ணும் வரலியா?"

"நான்தான் சார் வேணாம்னு எடுத்துட்டேன். முதல்ல வெச்சுப் பார்த்தேன். டிக் வந்துடுச்சுன்னா எந்த ராஜாவும் அப்புறம் அந்த ஏரிக்கரைப் பக்கமே வர்றது இல்ல."

மேலே மாடியில் முத்திரை குத்தும் சத்தம் மறுபடியும் ஆரம்பித்தது. ரமணா காரு செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, நகரி பஸ் எந்த இடத்தில் நிற்கும் என்று கேட்டார்.